பூட்டுப் போட்டால் ஈயம் போய்விடுமா?

நகர்மன்றத் தலைவர், ஆணையர், நகர்நல அலுவலர் ஆகியோருக்கும், எங்கள் வார்டுக்கு வந்து போகும் சுகாதார ஆய்வாளர்களுக்கும்,

"தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடிக்கப்பட்டது." போன வாரம் என் போனுக்கு வந்த குறுஞ்செய்தி இது. ஏழு மாதத்தில் மூன்று தடவை திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரிசையில் நின்று கொடுத்த மனுக்களுக்கு இந்த ஒரு வரிதான் பதில். நடவடிக்கை என்னவென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே நடந்தது. இரண்டு பேர் வந்தார்கள், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கிய பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள், அபராத ரசீது கிழித்துக் கொடுத்தார்கள், கதவில் நோட்டீஸ் ஒட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மண்ணை யாரும் பார்க்கவில்லை. அந்த வீட்டுக் குழந்தை எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

என் மனுவில் பூட்டு என்ற சொல்லே கிடையாது. குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும், மண்ணையும் தண்ணீரையும் சோதிக்க வேண்டும், பழைய பேட்டரியைக் கொண்டுபோய்ப் போட ஊரில் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். இதில் ஒன்றுகூட நடக்காமல் மனு மட்டும் முடிந்துவிட்டது. அதனால்தான் இப்போது ஊரறிய எழுதுகிறேன்.

எங்கள் தெரு டவுனுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. மேல் வீட்டு வாசலும் கீழ் வீட்டுக் கூரையும் ஒரே மட்டத்தில் இருக்கும், நீலகிரியில் இப்படித் தெருக்கள் எத்தனையோ. மேல் வீட்டில் ஊற்றுகிற தண்ணீர் வரிசையாக எல்லார் வீட்டுச் சுவரையும் தொட்டுக்கொண்டுதான் ஓடைக்கு இறங்கும், ஓடை போய்ப் பவானியில் சேரும். தெருவில் தொழில் இல்லாத வீடு குறைவு. ஒரு வீட்டில் ஸ்வெட்டர் பின்னுகிறார்கள், ஒரு வீட்டில் தைலத்தைப் பாட்டிலில் அடைக்கிறார்கள், இன்னொன்றில் மெழுகுவர்த்தி. நான் பதினொரு வருடமாக வீட்டில் சாக்லேட் செய்து கடைகளுக்குப் போடுகிறேன். சீசனில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை பேப்பர் சுற்றிக்கொண்டு இருப்போம். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், வீட்டுத் தொழிலை ஒழிக்கச் சொல்லி நான் எழுதவில்லை என்பது உங்களுக்கு முதலிலேயே தெரிய வேண்டும். எங்கள் தெருவே அதில்தான் சாப்பிடுகிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் தேயிலை பேக்டரியில் வேலை பார்த்தவர். பேக்டரி மூடிய பிறகு கொஞ்ச நாள் கிடைத்த வேலைக்குப் போனார், அப்புறம் பழைய இரும்பு, அட்டை, பாட்டில் என்று வாங்கி விற்க ஆரம்பித்தார். பேட்டரி வந்தது அதற்குப் பிறகு. மழைக்காலத்தில் இங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் லாட்ஜ், காட்டேஜ், ரிசார்ட் எல்லாவற்றிலும் இன்வெர்ட்டர் இருக்கிறது. மூன்று நான்கு வருடத்தில் அந்தப் பேட்டரி செத்துவிடும். புதுசு வாங்கும்போது கடையில் கழித்துக் கொடுப்பதைவிட நூறு இருநூறு ரூபாய் கூடக் கொடுத்தால், லாட்ஜ்காரர் அண்ணனிடமே தூக்கிக் கொடுத்துவிடுவார். பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான். அப்படியே விற்றால் ஒரு விலை, உடைத்து உருக்கிக் கட்டியாக விற்றால் இன்னொரு விலை. அந்த விலை வித்தியாசத்துக்காகத்தான் எங்கள் தெருவில் அடுப்பு எரிந்தது.

அது எப்படி நடக்கும் என்று நான் தினமும் பார்த்ததால் சொல்கிறேன். கோடாரியால் மூடியைப் பிளப்பார். உள்ளே இருக்கும் ஆசிட் வாசல் சாக்கடையில் போகும். தட்டுகளை உருவிப் பெரிய இரும்பு வாணலில் போட்டு விறகும் பழைய டயரும் வைத்து எரிப்பார். ஈயம் உருக 327 டிகிரி போதும், அதற்கு உலை வேண்டாம், வீட்டு அடுப்பே உருக்கிவிடும். உருகியதும் மேலே சாம்பல் நிறத்தில் ஓர் ஏடு கட்டும், பாலாடை மாதிரி. அதைக் கரண்டியால் ஒதுக்கி ஓரத்து மண்ணில் தட்டுவார். வெட்டிய பிஸ்கட் டின்னில் மீதியை ஊற்றி ஆறவைப்பார். வேலை முடிந்ததும் அந்தக் கரண்டியும் வாணலும் துணி துவைக்கிற கல்லுக்குத்தான் வரும். அண்ணி அவர் சட்டையைக் குழந்தையின் பாவாடையோடு சேர்த்துத்தான் துவைப்பார், இருக்கிறது ஒரே கல். ஒரு தடவை கொடியில் காய்ந்த பாவாடையைக் காட்டினார், பொட்டுப் பொட்டாக ஓட்டை, ஆசிட் பட்டது. எலி கடித்ததாக நினைத்தாராம்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் புகை மேலே ஏறாது. போர்வை மாதிரி தெரு மேலேயே படுத்துக்கிடக்கும், வெயில் சரிவுக்கு வர ஒன்பது மணி ஆகும். அதுவரை அதைத்தான் நாங்கள் மூச்சாக இழுத்தோம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் அதற்குள்ளேதான் நடந்து போனார்கள்.

ஊற்றும்போது சிதறுகிற ஈயம் கீழே விழுந்து சின்னச் சின்ன உருண்டையாகிவிடும். தெருப் பிள்ளைகள் அதைப் பொறுக்கி அஞ்சாங்கல் விளையாடினார்கள். கூழாங்கல் மாதிரி துள்ளி ஓடாதாம், கனமாக உள்ளங்கையிலேயே நிற்குமாம், அதனால் அதற்குப் பிள்ளைகளுக்குள் போட்டி. என் தங்கை மகன் டவுசர் பையில் ஏழு வைத்திருந்தான். அந்தக் கையால்தான் முறுக்குத் தின்றான். நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் தட்டிவிட்டதில்லை. எனக்கு அப்போது தெரியாது.

அண்ணன் வீட்டுப் பாப்பாவுக்கு நான்கு வயது. ஒரு வருடமாகச் சாப்பாடு இறங்கவில்லை, வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும், மலம் கழிக்க அழும், முகம் வெளுத்துவிட்டது. அங்கன்வாடியில் எடை ஏறவில்லை என்று கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். காட்டிய இடத்தில் எல்லாம் பூச்சி மருந்து கொடுத்தார்கள், சத்து டானிக் கொடுத்தார்கள். பேச ஆரம்பித்திருந்த குழந்தை பேச்சைக் குறைத்துக்கொண்டது. எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கடைசியில் கடன் வாங்கிக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனார்கள், துணைக்கு நானும் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா குழந்தையின் வாயையும் வயிற்றையும் பார்த்துவிட்டு, "அப்பா என்ன வேலை பார்க்கிறார், வீட்டில் வைத்தா பார்க்கிறார்?" என்று கேட்டார்.

ஒரு வருடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அண்ணன் பதில் சொன்னதும் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னார். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கொடுத்த வழிகாட்டுதல். பாப்பாவுக்கு அதைப் போல ஏழு மடங்குக்கு மேல் இருந்தது. மருந்துக்கு முன்னால் முதல் வேலை, குழந்தையை அந்த வீட்டை விட்டு எடுப்பது என்றார் டாக்டரம்மா. இப்போது பாப்பா மலைக்குக் கீழே பாட்டி வீட்டில் இருக்கிறாள். அண்ணி இங்கே, குழந்தை அங்கே. ராத்திரி வீடியோ காலில் அண்ணி பேசுவது சுவர் வழியாக எனக்குக் கேட்கும்.

ஈயம் உடம்புக்கு எதற்கும் தேவைப்படாத பொருள். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே அதற்குக் கிடையாது. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தை உடம்பு அதை உறிஞ்சிக்கொள்கிறது, இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தை என்றால் இன்னும் மோசம். மூளையைத் தொட்டுவிட்டால் போன படிப்பு போனதுதான். எலும்பில் போய் வருடக்கணக்கில் தங்கும், அந்தப் பெண் பிள்ளை வளர்ந்து கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து இறங்கி வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். நம் நாட்டில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை 2000-ஆவது ஆண்டிலேயே எடுத்துவிட்டார்கள். ரோட்டில் போகிற புகைக்கு அவ்வளவு கவலைப்பட்ட நாட்டில், துணி துவைக்கிற கல் மேல் அதே ஈயம் கிடப்பதைக் கேட்க ஆள் இல்லை.

ஆள் இல்லை என்று நான் சும்மா சொல்லவில்லை. 1948-இல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தில், டாக்டர் பார்த்தால் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் முதல் வரியே ஈய நச்சுதான். அவ்வளவு பழைய விஷயம் இது. ஆனால் மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேர், இல்லாத இடத்தில் இருபது பேர் வேலை பார்த்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இந்த எண்ணிக்கை இருபது, நாற்பது என்று ஏறியிருக்கிறது. அண்ணன் ஒரே ஆள். அவர் கொட்டகை தொழிற்சாலை இல்லை, கடை இல்லை, சட்டப்படி பார்த்தால் வெறும் வீடு. அந்த வீட்டுக்குள் வந்து பார்க்கிற பொறுப்பு வேறு யாருக்கும் இல்லை என்றால், பொது சுகாதாரம் உங்கள் கையில் இருப்பதால், அது உங்களுடையதுதான்.

என் வீட்டுக்கு வருகிறீர்களே. சாக்லேட் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு கேட்டார்கள், வாங்கினேன். தண்ணீர்ப் பரிசோதனை, எனக்கு மருத்துவச் சான்று, டைஃபாய்டு ஊசி, தலைக்குத் தொப்பி, ஜன்னலுக்குக் கொசுவலை எல்லாம் கேட்டார்கள், எல்லாம் செய்தேன், செய்ததில் எனக்கு வருத்தமே கிடையாது. வாங்கித் தின்கிறவர் குழந்தைக்குக் கொடுக்கிற பண்டம், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதே ஜன்னலைத் திறந்தால் பத்தடியில் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. கொசுவலையைத் தொட்டுப் பார்த்த அதிகாரி அந்தப் புகையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, அது அவருடைய துறை இல்லையாம். என்னிடம் இருக்கும் தண்ணீர்ப் பரிசோதனைத் தாளில் கிருமி இருக்கிறது, உப்பு இருக்கிறது, ஈயம் என்று ஒரு வரி இல்லை. பாப்பாவின் ரிசல்ட் வந்த நாளிலிருந்து நான் சாக்லேட் செய்வதை நிறுத்திவிட்டேன். என் அடுப்பங்கரை மேடையில் என்ன படிந்திருக்கிறது என்று தெரியாமல் ஊரார் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? இந்த சீசன் வருமானம் போனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, என்னால் முடியவில்லை.

டூரிஸ்ட் வாயில் போவதைக் கவனிக்க இத்தனை ஏற்பாடு இருக்கிறது. டூரிஸ்ட் விட்டுப் போவது எங்கே போகிறது என்று கவனிக்க ஒன்றும் இல்லை. எங்கள் மலைக்கு எத்தனை வண்டி ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வைத்திருக்கிறோம். ஏறுகிற வண்டியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று செக்போஸ்டில் குனிந்து பார்க்கிறார்கள். இந்த ஊர் லாட்ஜ்களில் வருடத்துக்கு எத்தனை பேட்டரி சாகிறது, எத்தனை டியூப் லைட் உடைகிறது, அவை யார் வீட்டு முற்றத்துக்குப் போகின்றன என்று எழுதி வைத்திருக்கிற ஒரு நோட்டை உங்கள் அலுவலகத்தில் காட்ட முடியுமா?

பேட்டரி மட்டும் என்றால்கூட ஒரு தெருவோடு போயிருக்கும். குப்பையே எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. நகராட்சி வண்டி வாங்கிப் போகிற மட்காத குப்பையில் ஒரு பங்கை ஒப்பந்தக்காரர் மூட்டையாகக் கட்டி எங்கள் கீழ்த் தெருவில் இறக்குகிறார். பெண்கள் வீட்டுக்குள் கொட்டி ராத்திரியில் தரம் பிரிக்கிறார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வளம் மீட்புப் பூங்கா என்று போர்டு வைத்த இடம் மேலே இருக்கிறது, பிரிக்கிற வேலை கீழே பத்துக்குப் பத்து அறையில், குழந்தை தூங்குகிற பாய்க்குப் பக்கத்தில் நடக்கிறது. பால் கவர், பாட்டில், அட்டையோடு நாப்கின் வரும், டயபர் வரும், சர்க்கரை ஊசி வரும். போன ஆடி மாதம் ஓர் அக்காவுக்குக் கையில் ஊசி ஏறிவிட்டது. அவரிடம் கையுறை இல்லை. டி.டி. ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள், போனால் அன்றைய கூலி போய்விடும் என்று அவர் போகவேயில்லை. விலை போகாத மீதி என்ன ஆகிறது தெரியுமா? குளிருக்கு வெந்நீர் அடுப்புப் பற்றவைக்க அதுதான். ஈர விறகு சட்டென்று பிடிக்காது, ஒரு பிடி கவரைச் சொருகினால் பிடித்துக்கொள்ளும். ஒயரும் அதே அடுப்பில்தான் எரியும், மேல் தோல் கருகி விழுந்தால் உள்ளே செம்பு. அதிலிருந்து வருவது டையாக்சின் கலந்த புகை. அந்த வெந்நீரில்தான் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறோம்.

விதி இல்லாமல் இல்லை. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளில் மலைப்பகுதிக்கு என்றே தனியாக எழுதியிருந்தார்கள்: மலை மேல் குப்பையைக் கொட்டி நிரப்புவதைத் தவிர்க்க வேண்டும், மூடிய இடத்தில் சேகரித்துக் கீழே சமவெளிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று. மட்கும், மட்காத குப்பையோடு மூன்றாவதாக வீட்டு அபாயக் கழிவு என்று ஒன்றைப் பிரித்து, பேட்டரி, டியூப் லைட், பெயிண்ட் டப்பா, காலாவதி மருந்து, ஊசி எல்லாவற்றையும் அதில் வைத்து, அதை வாங்கி வைக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையமாவது உள்ளாட்சி அமைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. எங்கள் தெருவுக்கு வருகிற வண்டியில் பச்சைத் தொட்டி இருக்கிறது, நீலத் தொட்டி இருக்கிறது, மூன்றாவது இல்லை. மையம் எங்கே என்று தூய்மைப் பணியாளரைக் கேட்டேன், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை, அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2022-இல் வந்த பேட்டரி கழிவு விதிகளோ, விற்ற கம்பெனியே பழசைத் திரும்ப எடுத்து முறையாக மறுசுழற்சி செய்ய வேண்டும் என்கின்றன. எங்கள் மலையில் அதை வாங்கிக்கொள்ள வந்தவர் அண்ணன் ஒருவர்தான்.

மலையில் அதெல்லாம் கஷ்டம் என்று சொல்லாதீர்கள். மாநிலம் முழுக்க 2019-இல் பிளாஸ்டிக் தடை வருவதற்குப் பல வருடம் முன்பே இந்த மாவட்டத்தில் தடை போட்டு மஞ்சள் பையைத் தூக்கினோம். உயர் நீதிமன்றம் சொல்லி 2022 மே மாதம் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் திட்டம் முதலில் எங்கள் நீலகிரியில்தான் வந்தது. எங்கள் ஓடையோரம் கண்ணாடிச் சில்லு குறைந்ததை நானே பார்த்தேன், காட்டுமாடு நொண்டிக்கொண்டு போவதும் குறைந்தது. குடித்த பாட்டிலைத் திரும்பக் கொண்டுவர வைக்க முடிந்த ஊரில், பேட்டரியைக் கொண்டுவர வைக்க முடியாதா?

பூட்டுக்கு வருகிறேன். பூட்டுப் போட்ட பத்தாவது நாள், நான்கு தெரு தள்ளி ஓடை ஓரத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் அடுப்பு எரிகிறது. வேறு ஆள், அதே வேலை, அதே வண்டி வந்து கட்டியை ஏற்றிப் போகிறது. பகலில் நடந்ததாவது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. லாட்ஜ்களில் பேட்டரி சாவது நிற்கவில்லை, வாங்குகிற வண்டி நிற்கவில்லை, அப்புறம் எப்படி அடுப்பு நிற்கும்? கொட்டகைக்குள் கரண்டி தட்டிய மண் அப்படியே கிடக்கிறது, தகரத்துக்கு அடியில் மழைத் தண்ணீர் புகுந்து வெளியே வருகிறது. அண்ணி என்னிடம் கேட்டார்: "பூட்டுப் போட்டவங்க அந்த மண்ணையும் அள்ளிட்டுப் போயிருக்கலாம்ல?" நான் என்ன பதில் சொல்ல?

அண்ணன் செய்தது தப்பு என்று அவருக்கே இப்போது தெரியும், பிள்ளையைப் பிரிந்து இருக்கிறவருக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பேட்டரியைத் தூக்கிக் கொடுத்த ஒரு லாட்ஜுக்கும் நோட்டீஸ் போகவில்லை, கட்டி வாங்கியவருக்குப் போகவில்லை, இவர் ஒருத்தருக்குத்தான் போனது. அபராதம் கட்ட அண்ணியின் கம்மல் அடகுக்குப் போயிருக்கிறது.

பழனி மலையில் நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். கொடைக்கானலில் 1983-இல் வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லு, 2001-இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஊர் மக்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான் அந்தத் தொழிற்சாலை மூடியது. வேலை பார்த்த 591 பேருக்கான உடன்பாடு வர 2016 ஆனது. அவ்வளவு பெரிய விஷயம் வெளியே தெரிந்ததே ஒரு காயலான் கடையில்தான். மலையில் விஷம் கடைசியாக வந்து சேருகிற இடம் அப்படிப்பட்ட கடையும் அதை நடத்துகிறவர் வீடும்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த இடங்களை ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கிற வழக்கம் எங்கள் ஊரில் வரவில்லை.

சரி, எங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் ரத்தப் பரிசோதனை. எங்கள் தெருவிலும், இப்போது அடுப்பு எரிகிற ஓடைத் தெருவிலும் ஆறு வயதுக்குக் கீழே உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், இந்த வேலை பார்த்த பெரியவர்களுக்கும் ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும். செலவு எங்களுடையதாக இருக்கக் கூடாது, ரிசல்ட் தாள் எங்கள் கையில் வர வேண்டும். அளவு கூடிய குழந்தைக்கு இரும்புச் சத்தும் கால்சியமும் அங்கன்வாடி வழியாகவே கிடைக்கவும், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கவும் ஏற்பாடு வேண்டும்.

கொட்டகை மண், சாக்கடை வண்டல், துவைக்கிற கல், எங்கள் வீட்டுத் தண்ணீர் எல்லாவற்றையும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தைக் கொண்டு சோதித்து, கெட்ட மண்ணை முறையாக அள்ளி எடுத்துப் போங்கள். அதைக் குப்பைக் கிடங்கில் கொட்டாதீர்கள், கிடங்கிலிருந்து வடிவதும் இதே ஓடைக்குத்தான் வரும். அதுவரை மழை உள்ளே போகாமல் தார்ப்பாய் போட்டாவது மூடுங்கள், இதற்கு ஒரு நாள் போதும்.

பேட்டரிக்கும் டியூப் லைட்டுக்கும் ஊசிக்கும் ஒரு மையம் திறந்து, காயலான் கடை கொடுக்கிற விலையை ஒட்டி அங்கேயே பணம் கொடுங்கள், இல்லாவிட்டால் யாரும் கொண்டுவர மாட்டார்கள். லாட்ஜும் காட்டேஜும் உரிமம் புதுப்பிக்க வரும்போது, பழைய பேட்டரி யாரிடம் போனது என்ற ரசீதைக் கேளுங்கள். குப்பை வரி ரசீது கேட்கிறீர்கள் அல்லவா, அதோடு இன்னொரு தாள்.

மூட்டையை வீட்டில் இறக்குவதை உடனே நிறுத்துங்கள், ஆனால் அந்தப் பெண்களின் கூலியை நிறுத்தாதீர்கள். பிரிக்கிற வேலையை மேலே கூரை போட்ட இடத்துக்குக் கொண்டுபோய் அவர்களையே அடையாள அட்டையோடு அங்கே வேலைக்கு வையுங்கள். கையுறை, பூட்ஸ், காமாலை பி தடுப்பூசி மூன்று டோஸும் போடுங்கள். அண்ணனுக்குப் போட்ட அபராதத்தை ரத்து செய்து அவருக்கும் அங்கே ஒரு வேலை கொடுங்கள். எந்தப் பேட்டரி எங்கிருந்து வருகிறது என்று அவரைவிடத் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை.

அப்புறம் வீட்டுத் தொழில்களுக்கு ஒரு பதிவு நோட்டுப் போடுங்கள், அபராதத்துக்காக இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் போடுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் 2021-இலிருந்து ஒரு தங்கை எங்கள் வீட்டுப் படி ஏறி பிரஷரும் சுகரும் பார்க்கிறாள், எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு அத்துபடி. அவள் கையில் உள்ள படிவத்தில் "வீட்டில் என்ன தொழில் நடக்கிறது?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். கோயம்புத்தூர் டாக்டரம்மா கேட்ட அந்தக் கேள்வியை இங்கேயே யாராவது ஒரு வருடம் முன்னால் கேட்டிருந்தால், பாப்பா இப்போது அவள் அம்மாவோடு இருந்திருப்பாள்.

இதற்கு இன்னொரு குறுஞ்செய்தி வேண்டாம். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, எதை எப்போது செய்யப் போகிறீர்கள் என்று தாளில் எழுதி எங்கள் தெரு முனையில் ஒட்டுங்கள், பூட்டு நோட்டீஸை ஒட்டிய அதே கதவில் ஒட்டினாலும் சரி. ரத்தம் எடுக்க எந்த நாள் என்று மட்டும் இரண்டு நாள் முன்னாடி சொல்லுங்கள். தெருவில் பத்தொன்பது குழந்தைகள் இருக்கிறார்கள், பெயரும் வயதும் எழுதி வைத்திருக்கிறேன், நானே அங்கன்வாடிக்கு அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
கீழ்த் தெருவில் சாக்லேட் செய்துகொண்டிருந்த ஒரு பெண்